வெல்லத்தைக் குணமாக்கிய சாமி

"எறும்பு பொய் சொல்லாது!"

ஓரிக்கைக்குப் போகும் சாலையில் இருபதடிக்கு ஒன்றாகக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர்களில் இப்படித்தான் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே தாடியோடு ஒருவர். அவர் தோளில், அவரைவிடப் பெரியதாக, கம்ப்யூட்டரில் வரைந்த ஓர் எறும்பு. தாடிக்காரர்தான் எறும்புச் சாமி. சர்க்கரை நோயை எறும்பை வைத்துக் கண்டுபிடித்து, குணமாகிவிட்டதா என்பதையும் எறும்பை வைத்தே சொல்பவர்.

காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. இத்தனை தெய்வங்கள் இருந்தும் போதாமல் பாலாற்றங்கரைப் புங்கமரத்தடிக்குப் புதிதாக ஒரு சாமி தேவைப்பட்டது என்றால், அது தெய்வங்களின் குற்றமா, நம் குற்றமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "எறும்பு, எறும்பு, எறும்பு" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். ஏறியவர்கள் மடியில் இரண்டு பொருள் இருந்தது. ஒன்று, விடிகாலையில் பிடித்த சிறுநீர்ப் பாட்டில். இன்னொன்று, ஒரு கிலோ வெல்லம். பாட்டில் சோதனைக்கு, வெல்லம் காணிக்கைக்கு. "உன் உடம்புல இருக்கிற சர்க்கரையை நான் எடுக்கணும்னா, உன் வீட்டுல இருக்கிற சர்க்கரையை நீ கொடுக்கணும்" என்பது சாமியின் வாக்கு. அந்த வெல்லம் சாயங்காலம் மூட்டையாகி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. சாமியிடம் போய் மளிகை விசாரிப்பார்களா?

பிள்ளையார்பாளையத்துச் சங்கரியின் வீட்டுக்கு இந்தப் புகழைக் கொண்டுவந்து சேர்த்தவள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள். ஊரில் எங்கே அற்புதம் நடந்தாலும் தில்லையம்மாளுக்குத்தான் முதலில் தெரியும். எங்கே தண்ணீர் லாரி வருகிறது என்பது மட்டும் தெரியாது.

"சங்கரி, உன் வூட்டுக்காரர இட்டுக்கினு போ. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. நாப்பத்தெட்டே நாளு. எறும்பே வந்து சொல்லுது."

சங்கரி சிரித்தாள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் தேவேந்திரன் சிரிக்கவில்லை. ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

தேவேந்திரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பட்டு நெய்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உடலையும் பார்டரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்து நாடாவைத் தள்ளுபவள் சங்கரி. இருபத்தைந்து வருடமாக இரண்டு பேரும் ஒரே தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் பன்னிரண்டு வருடமாக மூன்றாவதாகச் சர்க்கரை நோயும் உட்கார்ந்திருக்கிறது. இப்போது இரண்டு வருடமாகச் சிறுநீரகமும் முனகத் தொடங்கியிருந்தது.

டாக்டர் ஊசியும் மாத்திரையும் எழுதினார். சாப்பாட்டுக்கு ஷாரோனிடம் அனுப்பினார்.

ஷாரோன் முசரவாக்கத்து டேனியல் மேஸ்திரியின் மகள். உணவியல் படித்துவிட்டு, ஊருக்குள் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வாரத்துக் கதையைக் கேட்பாள். பிறகு, என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தருவாள். தேவேந்திரனுக்குச் சிக்கல் அந்தத் தாளில்தான். அது மாதத்துக்கு மாதம் மாறியது.

"போன வருஷம் கீரை தினம் சாப்டுன்ன. இந்த வருஷம் கீரைய வேகவெச்சு தண்ணிய கொட்டிட்டு, வாரத்துல ஒரு நாள் சாப்டுன்ற. கீரை அதேதானம்மா இருக்குது?"

"கீரை அதேதாண்ணே. உங்க கிட்னி அதே இல்ல. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக்கினு இருக்குது. கூடுனா இதயத்த அடிச்சிடும். எளநியும் வாழப்பழமும் இப்போதைக்கு வேணாம்."

"அப்போ அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் டெஸ்ட் பாத்துட்டு சொல்றேன். எறங்கியிருந்தா கொஞ்சம் வுட்டுக் குடுக்கலாம். இந்த வாரம் வேற இன்னா சாப்டீங்க? தாள்ல எழுதாதது."

தேவேந்திரன் கூரையைப் பார்த்தான்.

"கோயில்ல புளியோதரை" என்று சங்கரி போட்டுக் கொடுத்தாள். "மூணு தொன்னை."

"பிரசாதம்லாம் கணக்குல வராது" என்றான் தேவேந்திரன்.

"சாமிக்குக் கணக்கு வராது. ரத்தத்துக்கு வரும்ணே" என்று சொல்லிவிட்டு ஷாரோன் அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பொருமினான். "இன்னா படிப்பு இது? ஒரு வார்த்தையில நிக்கத் தெரியல. மாசத்துக்கு ஒரு பேச்சு."

இப்படிப் பொருமிக்கொண்டிருந்தவன் காதில்தான் எறும்பு விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலும் வெல்லமுமாகப் புங்கமரத்தடியில் நின்றான். தனியாக விட மனமில்லாமல் சங்கரியும் கூடப் போனாள். மரத்தடியில் பெரிய எறும்புப் புற்று. புற்றுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மண்தட்டு. சற்றுத் தள்ளி ஒரு பித்தளைத் தட்டு. அதைச் சுற்றி விரல் தடிமனில் குங்கும வட்டம். மண்தட்டு நோயைக் காட்டுவது. பித்தளைத் தட்டு குணத்தைக் காட்டுவது; அதற்கு எறும்பு வராவிட்டால் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். நடுவில் மைக் பிடித்துக்கொண்டு இளவரசன் என்று ஒரு நடுத்தர வயது சீடர், கிரிக்கெட் வர்ணனைபோல நடப்பதை எல்லாம் ஒலிபரப்பினார்.

தேவேந்திரனின் பாட்டிலை மண்தட்டில் கவிழ்த்தார்கள். பத்தே நிமிடம். புற்றிலிருந்து எறும்புகள் வரிசை கட்டி வந்து தட்டை மொய்த்தன.

"வந்துட்டாங்க! சாட்சிங்க வந்துட்டாங்க!" என்றார் இளவரசன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எறும்புச் சாமி கண்ணைத் திறந்தார். "உன்னை யார் வாயைக் கட்டச் சொன்னது?"

"டயட் மேடம், சாமி."

"வாயைக் கட்டுகிறவன் நோயைக் கட்டிக்கொண்டு அழுவான். எல்லாம் சாப்பிடு. ஊசியை நிறுத்து. தினமும் நம்முடைய பச்சைத் தீர்த்தம் ஒரு செம்பு குடி. நாற்பத்தெட்டாம் நாள் வா. மாதம் ஒரு பேச்சு பேசுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. நம் வாக்கு மாறாது."

தேவேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகா, இவரல்லவா படித்தவர்!

பச்சைத் தீர்த்தம் என்பது இளநீரில் முருங்கைக்கீரைச் சாறு கலந்தது. ஷாரோன் எதையெல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்றாளோ, அதையெல்லாம் ஒரே செம்பில் ஊற்றிக் கொடுத்தார் சாமி. சங்கரி சண்டை போட்டாள். ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகூடப் பார்த்தாள். "சாமி சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவன் செம்பை எடுத்தான். நெய் வழிய வரதர் கோயில் இட்லி, கல்யாண வீட்டில் இரண்டு வாழைப்பழம், காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை. முதல் வாரம் அவன் முகத்தில் ஒரு களை வந்தது உண்மைதான். பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்தால் வருகிற களை.

மூன்றாவது வாரம் கால் வீங்கியது. ஐந்தாவது வாரம் ஒரு காலைப் பொழுதில், நாடாவைத் தள்ளிய சங்கரிக்கு எதிர் நாடா வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தேவேந்திரன் நெய்த சேலைமேலேயே கவிழ்ந்து கிடந்தான். நெற்றி ஜில்லென்றிருந்தது. நெஞ்சு எப்படியெப்படியோ அடித்தது.

ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போன அந்தப் பதினைந்து நிமிடத்தில் சங்கரி எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. "சீக்கிரம் போப்பா" என்று ஆட்டோக்காரரை மட்டும்தான் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

சர்க்கரை நானூற்று முப்பது. பொட்டாசியம் இருக்கக்கூடாத உயரத்தில் இருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, இழுத்துப் பிடித்து, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர், எதிர்க் கட்டிலிலும் ஒருவர் பச்சைத் தீர்த்தக்காரர்கள். அவர்கள் படம் எந்தப் பேனரிலும் வரவில்லை.

ஷாரோன் பார்க்க வந்தாள். திட்டவில்லை. "நான்தான் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லல போலக்குதுண்ணே" என்றாள். தேவேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டில் சங்கரி அவனுக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்திருந்தாள் ஷாரோன். அவன் விரலைக் குத்துவதற்கு முன்னால், ஒரு குட்டிப் புட்டியிலிருந்து ஒரு சொட்டை அதில் வைத்துப் பார்த்தாள்.

"அது இன்னாம்மா, ரத்தம் இல்லாம?"

"எவ்ளோ சர்க்கரை இருக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்ச தண்ணிக்கா. மெஷின் அதே நம்பரக் காட்டுதான்னு பாக்கறேன்."

"மெஷின நம்ப மாட்டியா?"

"சும்மா எப்டி நம்பறது? சர்க்கரை இருக்குற எடத்துல இருக்குதுன்னு சொல்லணும், இல்லாத எடத்துல இல்லன்னு சொல்லணும். ரெண்டையும் சரியா சொன்னா அப்பால நம்பலாம்."

சங்கரி அந்தக் குட்டிப் புட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே தில்லையம்மாள் சாமியின் செய்தியோடு வந்துவிட்டாள். "நோவு வெளிய போறப்போ ஒரு ஒத ஒதச்சிட்டுத்தான் போவுமாம். நாப்பத்தெட்டாம் நாளு கண்டிப்பா வரச் சொன்னாரு."

தேவேந்திரன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? அதான் ஒதச்சிருக்குது! நான் போவேன் சங்கரி. எறும்பு சொல்லட்டும், அப்பால நீ சொல்றதக் கேக்கறேன்."

சண்டை வரும் என்றுதான் தில்லையம்மாள் வாசலிலேயே நின்றாள். சண்டை வரவில்லை.

"சரிங்க" என்றாள் சங்கரி. "எறும்பே சொல்லட்டும். நானும் என்னுத ஒரு பாட்டில் எடுத்தாறேன். எனக்கும் இருக்குதான்னு பாத்துடலாம்."

நாற்பத்தெட்டாம் நாள் கூட்டம் தேர்த்திருவிழாவைத் தோற்கடித்தது. நான்கு பேர் செல்போனில் நேரலை ஓட்டினார்கள். தேவேந்திரனை முன்வரிசையில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி கைவிட்ட கேஸ் என்று இளவரசன் மைக்கில் அறிமுகம் செய்தார். கைவிட்ட ஆஸ்பத்திரிதான் போன வாரம் அவனைக் கைதூக்கிவிட்டது என்ற விவரம் மைக்குக்கு எட்டவில்லை.

முதலில் சங்கரியின் பாட்டில் கறுப்பு மண்தட்டில் விழுந்தது. எறும்புகள் வந்தன. வந்தன என்றால், ஊரையே கூட்டிக்கொண்டு வந்தன.

"ஐயோ பாவம்!" என்று கூட்டம் உச்சுக் கொட்டியது.

சாமி தலையை ஆட்டினார். "கொடிய சர்க்கரை. புருஷனைவிட உனக்குத்தான் முற்றியிருக்கிறது தாயே. நாளையிலிருந்து தீர்த்தம் குடி."

"சாமி, நல்லாப் பாத்து சொல்லுங்க. எறும்பு பொய் சொல்லாதே?"

"ஒருநாளும் சொல்லாது."

"அப்போ எங்க தெருக் கொழாய்க்குத்தான் சர்க்கரை நோவு" என்றாள் சங்கரி. "அது கொழாத் தண்ணி சாமி. கலருக்கு ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டேன், அவ்ளோதான். நம்பலன்னா மீதி இருக்குது, குடிச்சிக் காட்றேன்." சொன்னபடியே பாட்டிலைத் தூக்கி, மிச்சத்தைக் கடகடவென்று குடித்தாள்.

கூட்டத்தில் ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பியது. இன்னொரு பக்கம் முறைத்தது. தேவேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மே! சாமிகிட்டயா வெளாடுவ?"

சாமி அசரவில்லை. அசருகிறவர் சாமியாக முடியுமா? "சோதிக்க வந்தவளே! உன் வஞ்சகத்தின் மேல்தான் எறும்பு மொய்த்தது!" என்று கர்ஜித்தார். அடடா, என்ன பதில்! கூட்டத்தில் பாதி கைதட்டியது. நம் ஆட்கள் கேள்விக்குக் கைதட்டுவதில் கஞ்சர்கள். பதில் என்று எதைச் சொன்னாலும் தட்டிவிடுவார்கள்.

"சரி சாமி, அது வஞ்சகம். இது?" சங்கரி காணிக்கைக் குவியலிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள், குங்கும வட்டத்தைத் தாண்டிப் பித்தளைத் தட்டில் வைத்தாள். "நோவு தீந்தவங்க தட்டுதானே இது? சர்க்கரை இருந்தா எறும்பு வரும், இல்லன்னா வராது. பாத்துடலாம்."

ஆயிரம் பேர் ஒரு வெல்லக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எறும்புகள் கிளம்பின. வாசனை பிடித்து வரிசையாக வந்தன. குங்குமத்தின் விளிம்புக்கு வந்ததும் முதல் எறும்பு நின்றது. மீசையை ஆட்டியது. திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. எல்லாம் திரும்பின. வெல்லக்கட்டி வெயிலில் பளபளத்துக்கொண்டு அநாதையாகக் கிடந்தது.

"சாமி" என்றாள் சங்கரி, மிகவும் பணிவாக. "வெல்லத்துக்கும் சர்க்கரை நோவு தீந்துடுச்சிங்களா?"

வெடித்த சிரிப்பில் புங்கமரத்துக் காக்கைகள் பறந்துபோயின. இந்தத் தடவை முறைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நேரலை ஓட்டியவர்களின் கை குலுங்கியது.

"தீர்ந்துவிட்டது!" என்றார் சாமி, கொஞ்சம் கீச்சுக்குரலில். "நம் தட்டின் சக்தி அது! அந்த மந்திரக் குங்குமத்தின் சக்தி! வெல்லமே குணமாகிவிட்டது!"

இதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள். நாட்டில் அந்த நாலு பேர் எப்போதும் உண்டு. அன்றைக்கு அந்த நாலு பேரில் ஒருவன் தேவேந்திரன்.

அவன் எழுந்து முன்னால் வந்தான். கண்ணில் தண்ணீர். "என் பொஞ்சாதி தெரியாம பேசிட்டா, மன்னிச்சிடுங்க சாமி. அந்தக் குங்குமம் வெல்லத்தையே குணமாக்குதுன்னா என்னிய ஆக்காதா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, கைநிறையக் குங்குமத்தை அள்ளி, அண்ணாந்து வாயைத் திறந்தான்.

எறும்பை விரட்டுவது எதுவாக இருக்கும் என்று சங்கரி ஓரளவு யோசித்து வைத்திருந்தாள். இவன் அதைத் தின்னப் போவான் என்று மட்டும் யோசிக்கவில்லை. "வேணாங்க!" என்று பாய்ந்தாள். அவள் குரலை அமுக்கிக்கொண்டு ஒலிபெருக்கி அலறியது.

"யோவ்! வாயில வெக்காதய்யா! எறும்பு மருந்து! செத்துடுவ!"

கத்தியவர் இளவரசன். மைக்கைக் கீழே வைக்க மறந்துவிட்டார். ஓரிக்கை முழுக்க, ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

சங்கரி கணவனின் கையைத் தட்டிவிட்டாள். சிவப்புப் பொடி மண்ணில் கொட்டியது. தேவேந்திரன் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான். சாமியைப் பார்த்தான். சாமி ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி வைத்தார். குங்கும வட்டத்தைக் கண்ட எறும்பு எப்படித் திரும்பியதோ, அதே நேர்த்தியோடு திரும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டப் பார்த்தார்.

"எங்க போற? நான் சாவக் கெடந்தப்போ நோவு ஒதச்சிட்டுப் போச்சுன்னியே!" தேவேந்திரன் குறுக்கே போய் நின்றான். "இன்னிக்கு இத நான் தின்னிருந்தா, அதுக்கு இன்னா சொல்லியிருப்ப?"

"யோவ், நானா உன்ன தின்னச் சொன்னேன்? ஆள வுடுய்யா!" என்றார் சாமி. தெய்வ பாஷை போய், சொந்த பாஷை வந்துவிட்டது.

மீதியை இளவரசனே மைக்கில் சொன்னார். அவருக்கும் வீட்டில் சர்க்கரைக்கார அம்மா ஒருத்தி இருந்தாள். அவளை மட்டும் இந்த மரத்தடிக்கு அவர் கூட்டிவந்ததே இல்லையாம். மண்தட்டில் முந்தின நாளே வெல்லப்பாகு தடவிக் காயவைப்பார்கள். எதை ஊற்றினாலும் எறும்பு வரும். குங்குமத்தில் எறும்புப் பொடி கலப்பார்கள். எதை வைத்தாலும் வராது. சாமியின் பெயர் ஆதிகேசவன். போலீஸ் ஜீப் வந்தபோது அவர் வெல்ல மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் ஊர்ந்த எறும்புகளுக்குக் குங்குமத் தடை எதுவும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஷாரோனிடம் போனார்கள். நடந்ததையெல்லாம் சங்கரி சொல்ல, ஷாரோன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தேவேந்திரன் சிரிக்காமல் சீட்டை நீட்டினான். பொட்டாசியம் இறங்கியிருந்தது. சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. ஆகவும் ஆகாது என்று ஷாரோன் மறைக்காமல் சொன்னாள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதற்கே தினமும் பாடுபட வேண்டும் என்றாள். பருப்பைக் கொஞ்சம் குறைத்தாள். தறியில் உட்காரும் நாளில் பதினொரு மணிக்குச் சாப்பிட ஒரு கைப்பிடி பொரியைச் சேர்த்தாள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடலாம் என்று மாற்றி எழுதினாள்.

"இது அடுத்த மாசம் மாறுமாம்மா?"

"ரத்தம் மாறினா மாறும்ணே."

தேவேந்திரன் யோசித்தான். "பாவு நூலு எறங்கித் தொய்யறதப் பாத்துத்தான் நானும் தறியில முறுக்கி இறுக்கறேன். காலையில வெச்சது மத்தியானத்துக்கு ஆவாது. மாறட்டும்மா. பாத்துப் பாத்து மாத்து." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து ஒரு தொன்னை புளியோதரை. எழுதிக்கோ" என்றான்.

சங்கரி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவன் தானாக ஒப்புக்கொண்ட முதல் குற்றம் அது.

வீட்டுக்கு வந்தபோது தில்லையம்மாள் வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்தாள். "சங்கரி, கேட்டியா? அந்த எறும்பாளு ஃப்ராடு. எனக்கு அப்பவே தெரியும். ஆனா தாமல் ஏரிக்கரையில ஒருத்தரு வந்துக்கிறாராம். தவளைய வெச்சே பிரஷர் பாக்கறாராம். இவரு நெசம்!"

எறும்புக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பட்டம் கிடையாது, ஆறாவது அறிவு என்று பீற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது விஷத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்று, மோந்து பார்த்து, திரும்பிவிட்டது. ஆறு அறிவும் நமக்கு இருக்கிறதாம். வரிசையில் நிற்கும் முன்னால் அதில் ஒன்றையாவது எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா?